மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் கற்ற நெறி

திருப்பணி நடைபெறும் கோயிலுக்குச் சென்று, கல் வேலை செய்யும் இடத்திற் சற்றே நின்று நோக்குவார்க்கு ஒரு காட்சி புலனாகும். முதிய சிற்பியார் அருகிலுள்ளாரோடு உரையாடிக்கொண்டே உளியைச் செலுத்துவார். உளி தன் வழியே சென்று இதழ் இதழாகத் தாமரையை மலர்விக்கும். அவர் பக்கத்தில் அமர்ந்துள்ள இளைஞனோ ஒவ்வோர் அடிக்கும் முன்னே கோட்டைப் பார்ப்பான், உளியைப் பார்ப்பான், மூச்சை அடக்கிக்கொண்டு அடிப்பான். இருவரும் செய்வது ஒரே தொழில்தான். ஆயினும் ஒருவர் எண்ணாமற் செய்வதை மற்றவன் எண்ணி எண்ணிச் செய்கின்றான். எண்ணாமற் செய்பவர் எண்ணுதலை விட்டொழித்தவர் அல்லர். முன்னாளில் எண்ணியனவெல்லாம் அவர் கைக்குள் இறங்கி உறைந்திருக்கின்றன. கல்லில் எதிர்பாராத கீற்று ஒன்று தோன்றுமாயின், பேச்சு நின்றுவிடும், கண் கூர்மையாகும், மறைந்திருந்த எண்ணம் மீண்டும் வெளிவந்து கைக்கு வழிகாட்டும்.

கைத்தொழிலில் நாம் காணும் இவ்வுண்மையைக் கவித்தொழிலில் முற்றக் காட்டி வாழ்ந்தவர், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் விளங்கிய திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். அவர் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

பிள்ளையவர்கள் 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 6-ஆம் நாள் தோன்றினார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சியார். தந்தையார் மதுரைத் திருக்கோயிலோடு தொடர்புடைய குடியிற் பிறந்தவர். பின்னர்த் திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூர்களில் வாழ்ந்து, திண்ணைப்பள்ளி ஆசிரியராய்க் காலங் கழித்தவர். ஆலவாய் அண்ணலின் திருப்பெயரையும் அங்கயற்கண் அம்மையின் திருப்பெயரையும் இணைத்துத் தம் மகனுக்கு இட்டு வழங்கினார். அதவத்தூரிலும் சோமரசம்பேட்டையிலும் அம்மகனார் இளமை கழிந்தது. முதல் ஆசிரியர் தந்தையாரே. நிகண்டு, அந்தாதி, கலம்பகம், இலக்கணம் என இவற்றை அவர் முறையே பயிற்றினார். நாள்தோறும் பாடம் ஒப்பித்தல் தவறாது நடைபெற்றது.

அக்காலத்து நெட்டுருப் பயிற்சியை இக்காலத்தார் சிலர் எள்ளுவர். கிளிப்பிள்ளைப் பாடம் என்பர். அவர்கள் ஒன்றனை ஆராய்தல் வேண்டும். திண்ணைப்பள்ளிகளில் பெருவழக்காய் வழங்கிய சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளை உடையது. அதன் பதினோராம் தொகுதி, பல பொருள் குறிக்கும் ஒரு சொற்களைத் தொகுத்துரைப்பது. அச்சொற்கள் அங்கே முதலெழுத்து வரிசையில் நிற்கவில்லை; எதுகை வரிசையில் நிற்கின்றன. இரண்டாம் எழுத்தாற் கூடும் சொற்களெல்லாம் ஒருங்கே அணிவகுத்து நிற்கும். ஏழெட்டு வயதுச் சிறுவன் பொருளை முழுதும் அறியாமலே அதனை ஓதி வருவான். பன்னீராண்டு கழித்து அவன் செய்யுள் இயற்றப் புகுங்கால், ஓர் அடியின் முதற்சொல் வாயினின்றும் வந்தவுடன், அதற்கு எதுகையாவன பலவும் அழையாமலே வந்து நிற்கும். தேடுதல் இல்லை, தெரிதல் ஒன்றே உண்டு. இளமையில் வலிந்து கற்றது முதுமையில் வலியாமல் வந்து உதவும் வகை இது.

பிள்ளையவர்களுக்குப் பதினைந்து வயது நிகழ்ந்த காலத்தை ஒட்டித் தந்தையார் சிவபதம் அடைந்தார். வறுமை சூழ்ந்தது. ஆயினும் கல்வி வேட்கை குறையவில்லை. திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்து, அங்கே கற்றார் எவர் உளரோ அவரையெல்லாம் நாடிச் சென்றார். ஒருவர்பால் ஒரு நூல், மற்றொருவர்பால் ஒரு நூலின் ஐயம் எனக் கேட்டுக் கேட்டுத் தொகுத்தார். தண்டியலங்காரம் கற்ற வரலாறு பலரும் அறிந்ததே. அந்நூலைப் பாடஞ் சொல்ல வல்ல பரதேசி ஒருவர், வீதியில் இரந்துண்டு திரிபவராய் இருந்தார். அவர் எளிதிற் பாடஞ் சொல்லும் இயல்பினர் அல்லர். இளைஞராகிய பிள்ளையவர்கள் நாணம் என்பதைச் சிறிதும் கருதாமல், அவர் செல்லும் தெருவெல்லாம் உடன் சென்று, அவர் ஏவிய பணிகளைச் செய்து, அவர் மனம் கனிந்த பொழுதில் சிறிது சிறிதாகக் கேட்டு, அவ்வணிநூலைத் தமதாக்கிக் கொண்டார்.

நூல்கள் அச்சேறிப் பரவாத காலம் அது. வேண்டும் நூலை இரவல் வாங்கி ஏட்டில் எழுதிக்கொள்வதே வழி. கம்பராமாயணம் முழுவதையும் பிள்ளையவர்கள் தம் கையாலேயே மூன்று முறை எழுதினார். ஏறத்தாழப் பதினாயிரம் பாடல்களை உடைய பெருங்காவியத்தை எழுத்தாணி கொண்டு மூன்று முறை எழுதுதல் என்பது என்ன என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும். முதன்முறை எழுதுங்கால் பொருளிலே கண் செல்லும். இரண்டாம் முறை சொல்லின் அமைதியிலே செல்லும். மூன்றாம் முறை எழுதுவார்க்குக் காவியத்தின் நடை மூச்சோடு கலந்துவிடும். இன்ன இடத்தில் இன்ன சந்தம் ஏன் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாத நுட்பங்களும் உள்ளத்திற் படிந்துவிடும். கற்றவர் தாம் கற்றதாகவே அறியாத கல்வி இது. சிவஞானபோத மரபு, உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்புடையது என்று கூறும். பிள்ளையவர்கள் கம்பரைச் சார்ந்து கவித்துவ வண்ணமாயினார் என்று கொள்ளுதல் மிகையன்று.

இங்கே மற்றொரு பக்கத்தையும் காட்டாவிடின் வரலாறு குறைவுடையதாகும். படிவது மட்டுமே போதுமாயின், ஏடு பெயர்த்தெழுதுவார் அனைவரும் கவிஞராயிருப்பர். பிள்ளையவர்கள் எழுதியதோடு அமையவில்லை, விதியையும் கற்றார். கட்டளைக் கலித்துறை என்னும் பாவினத்தை எடுத்துக்கொள்வோம். நேரசையில் தொடங்கும் அடி ஒற்று நீங்க 16 எழுத்து உடையதாதல் வேண்டும். நிரையசையில் தொடங்குவது 17 எழுத்து உடையதாதல் வேண்டும். புதிதாக இயற்றப் பயில்வோன் விரல் மடக்கி எண்ணுவான். பிழைபடும், ஆசிரியர் திருத்துவார், மீண்டும் எண்ணுவான். பல நூறு செய்யுட்களுக்குப் பின் எண்ணுதல் நின்றுவிடும். அடி குறைந்தால் செவி உறுத்தும். மிகுந்தால் நா தடுக்கும். எண்ணிக்கை என்னும் அறிவு செவி என்னும் உணர்வாக மாறிவிட்டது. திரிபந்தாதியோ இதனினும் அரிது. அடிதோறும் முதலெழுத்து ஒன்றே வேறுபட, அடுத்த எழுத்துக்கள் பல மாறாது வந்து, வெவ்வேறு பொருள் பயத்தல் வேண்டும். இத்தகைய அருஞ்செய்யுட்களைப் பிள்ளையவர்கள் இளமையிலேயே பயின்று பழகினார். பின்னாளில் விருத்தப்பா அவர்க்கு எளிய நடைபோல் ஆனதற்கு இக்கடும் பயிற்சியே காரணம்.

அவர் சென்னைக்குச் சென்றபோது, காஞ்சிபுரம் சபாபதி முதலியார் முதலிய புலவர்களை அடுத்துத் தம் ஐயங்களைப் போக்கிக்கொண்டார். திருவாவடுதுறை ஆதீனத்தின் தொடர்பு வாய்த்தபின், கவிஞர் என்று நாடறிந்த நிலையிலும், மாணாக்கராய் அமர்ந்து ஆதீனத்துப் பெரியோர்பாற் பாடங் கேட்டார். இது அவர் பெருமையுள் தலையாயது என்பது அடியேன் கருத்து. பழக்கம் முதிர்ந்தவர்க்கு வரும் பேரிடர், இனிக் கற்பது இல்லை என்னும் எண்ணம். அவ்வெண்ணம் அவரை அணுகவில்லை. 1860-ஆம் ஆண்டளவில் மாயூரத்திற்கு வந்து வாழத் தொடங்கினார். அம்பலவாண தேசிகரவர்கள் மகாவித்துவான் என்னும் பட்டம் அளித்துச் சிறப்பித்தார்கள். பின் எழுந்தருளிய மேலகரம் சுப்பிரமணிய தேசிகரவர்கள் அவரை ஆதீனத்தின் கண்மணிபோற் போற்றினார்கள்.

அவர் இயற்றிய தலபுராணங்கள் 22. பிள்ளைத்தமிழ் நூல்கள் 10. அந்தாதி, கோவை, கலம்பகம், உலா, தூது, மாலை என்பன இவற்றின் வேறு. திருநாகைக்காரோணப் புராணம், மாயூரப் புராணம், திருப்பெருந்துறைப் புராணம், சீகாழிக் கோவை, சேக்கிழார் பிள்ளைத்தமிழ் என்பவற்றைக் கற்றார் அறிவர். இவற்றுள் பெரும்பாலனவற்றை அவர் தம் கையால் எழுதவில்லை. அவர் வாயாற் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். எழுதுவோர் கை ஓயும். சொல்வார் நா ஓயாது. வண்டியிற் செல்லும்போதும் பாடல்கள் வந்துகொண்டிருக்கும். வண்டியின் ஆட்டத்தில் எழுதுவோர் எழுத்துக் கோணும். பாடலின் சீர் கோணாது. முன்னரே பாடி மனனம் செய்து வைத்ததை ஒப்பிக்கின்றாரோ என்று கேட்போர் ஐயுறுவர்.

இதனைக் கண்டோர் சிலர், அவர் வரகவி என்றும், முற்பிறப்பின் பயன் என்றும் கூறி அமைந்தனர். திருவருளை மறுப்பார் யார்? ஆயினும், மூன்று முறை எழுதிய கையையும், பரதேசியின் பின் நடந்த காலையும் மறந்து, அருள் என்று மட்டும் கூறிவிடுதல், விதைத்தவனை மறந்து விளைச்சலை மட்டும் போற்றுதல் போலாகும்.

மேனாட்டு உளநூலார் இக்காலத்து ஆராய்ந்து கண்ட செய்தி ஒன்று இங்கே கருதத்தக்கது. அமெரிக்க நாட்டில் வலிப்பு நோயால் துன்புற்ற ஒருவர்க்கு 1953-ஆம் ஆண்டு மூளையில் அறுவை மருத்துவம் நிகழ்ந்தது. அதன்பின் அவர் புதிதாக நிகழும் எதனையும் சிறுபொழுதுக்கு மேல் நினைவிற் கொள்ள இயலாதவரானார். பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார், கண்ணாடியில் தோன்றும் நிழலை மட்டும் நோக்கி, விண்மீன் வடிவத்தின் இரு கோடுகளுக்கு இடையே எழுதுகோலைச் செலுத்தும் பயிற்சியை அவர்க்கு அளித்தார். நாளுக்கு நாள் அவர் கை திருந்தியது, பிழை குறைந்தது. ஆயினும், அப்பயிற்சியை முன்பு செய்ததாக அவர்க்கு நினைவே இல்லை. 1962-ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வாராய்ச்சியால், அறிந்து நினைவுகொள்ளும் கல்வியும், அறியாமலே உடலிற் படியும் கல்வியும் உள்ளத்தில் வெவ்வேறு வழியிற் செல்வன என்பது தெளிவாயிற்று. நோயினால் ஒன்று அழிந்தபோதே இரண்டும் வேறென்பது தெரிந்தது. நலமுற்ற நிலையில் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தே நிற்கின்றன.

சைவ சித்தாந்தம் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு படி வகுத்துள்ளது. அவை சிவஞானத்திற்கு உரியவை. கலைக் கல்வியை அவற்றோடு சமமாக வைத்தல் முறையன்று. ஆயினும், கேட்டதைச் சிந்தியாதவன் தெளிவு பெறான், தெளியாதவன் அழுந்தி நிற்கமாட்டான் என்னும் முறைமை கல்விக்கும் ஒத்ததே.

பிள்ளையவர்களிடம் இவ்விரு கல்வியும் கூடி நின்றமைக்குச் சிறந்த சான்று, அவர் பாடஞ் சொன்ன முறையும் அரங்கேற்றமும் ஆகும். தாமே வெள்ளமாய்ப் பொழிந்த புராணத்தை, அவையோர் முன் பாட்டுப் பாட்டாகப் படிப்பித்துப் பொருள் உரைத்தல் அரங்கேற்றத்தின் இயல்பு. இச்சொல் இங்கு ஏன் வந்தது என்று எவரும் வினவலாம். விடை கூறுதல் வேண்டும். எண்ணாமற் பாடியதை எண்ணிக் காட்டும் இடம் அது. பாடஞ் சொல்லும்போதும் அவ்வாறே. தமக்கு மூச்சுப்போல் ஆகிவிட்டதனை, ஒன்றும் அறியாத சிறுவனுக்குப் புலப்படப் படி படியாகப் பிரித்துக் காட்டினார். நடக்கத் தெரிந்தவர் பலர். நடையைக் கற்பிக்கத் தெரிந்தவர் சிலரே. தியாகராச செட்டியார் முதலிய சைவ மாணாக்கர் மட்டுமல்லர். கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளையும், இசுலாமியராகிய குலாம்காதிறு நாவலரும் அவரிடம் கற்றவரே.

1871-ஆம் ஆண்டு மாயூரத்தில் அவரை வந்தடைந்த இளைஞர் ஒருவர் உண்டு. அவரே பின்னாளில் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆனார். பிள்ளையவர்களுக்கு மரஞ்செடிகளிற் பெருவிருப்பம். காலையில் தோட்டத்திற்குச் சென்று புதுத் தளிர் அரும்பியுள்ளதா என நோக்கி மகிழ்வார். ஆசிரியரின் அன்பைப் பெற விழைந்த மாணாக்கர், விடியுமுன் எழுந்து தளிர் விட்ட இடங்களைத் தேடி வைத்து அவர்க்குக் காட்டுவார். அவர் தேடியது ஆசிரியர் மகிழ்ச்சியை; உடன் கிடைத்ததோ நுணுகிப் பார்க்கும் பழக்கம். பழைய ஏடுகளில் சிதைந்த எழுத்தையும் மறைந்த அடியையும் கண்டுபிடித்துச் சீவகசிந்தாமணியை 1887-லும், புறநானூற்றை 1894-லும் அவர் பதிப்பித்தபோது, அத்தோட்டத்திற் பழகிய கண் உதவவில்லை என்று யார் கூறுவார்? சங்க நூல்களை ஆசிரியர் அவர்க்குப் பாடஞ் சொல்லவில்லை. ஆயினும், அவரிடம் கேட்ட எத்தனையோ அந்தாதியும் பிள்ளைத்தமிழும் காப்பியமும் உள்ளே படிந்து கிடந்து, அறியாத நூலையும் அறிந்துகொள்ளும் ஆற்றலைத் தந்தன.

இத்துணைப் புலமை இருந்தும், பிள்ளையவர்கள் வாழ்வு பொருள் வளம் உடையதன்று. கடன் அவரை விட்டு நீங்கியதில்லை. தம்மை அடுத்த மாணாக்கர்க்கு உணவளித்துக் காத்தார். கையில் வந்தது தங்கவில்லை. மடத்தின் ஆதரவும், புராணம் பாடுவித்த ஊரார் உபகாரமும் இல்லையாயின், அந்நாவெள்ளம் வறண்டிருக்கும். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 1-ஆம் நாள், திருவாவடுதுறையில், சவேரிநாத பிள்ளை தாங்கிக்கொள்ள, சாமிநாதையர் திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை ஓத, அதனைக் கேட்டவண்ணம் அவர் சிவபதம் எய்தினார். வாழ்நாள் முழுதும் பாடஞ் சொன்னவர், இறுதியில் தம் மாணாக்கர் வாயிலாகக் கேட்போராய் இருந்து விடைபெற்றார்.

இனி, அடியேன் இதனை எழுதப் புகுந்த காரணத்தைக் கூறுவேன். மடத்துப் பாடசாலையில் அடியேன் சிறுவனாய்ப் பயின்ற காலத்து, பதிகம் ஒன்றில் ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டு, பிழையாகவே நெட்டுருச் செய்துவிட்டேன். நாள்தோறும் மற்றவரோடு சேர்ந்து ஓதியமையால் ஒருவர்க்கும் அது புலப்படவில்லை. பொருளை எண்ணிப் பார்த்திருப்பின் அச்சொல் அங்கே பொருந்தாமை எனக்கே தெரிந்திருக்கும், எண்ணவில்லை. பல ஆண்டு கழித்து, முதிய ஓதுவார் ஒருவர் தனியே அழைத்து மெல்லத் திருத்தினார். தெரிந்துகொள்ள ஒரு நொடி போதியதாயிருந்தது; நாவைத் திருத்த ஒரு திங்கள் ஆயிற்று. இன்றும் அவ்வடி வரும்போது நா பழைய வழிக்குத் திரும்ப முயல்வதை உணர்கின்றேன். பழக்கம் நன்மையைக் காப்பதுபோலவே பிழையையும் காக்கும் என்பதை அன்று அறிந்தேன். அதேபோழ்து, எழுபது கடந்த இவ்வயதில், உடல் தளர்ந்து நினைவு பல இடங்களில் மறைக்கும்போதும், இளமையில் ஓதிய பதிகங்கள் நாவில் தாமே எழுந்து துணைநிற்கின்றன. பொருள் பிற்காலத்தில் ஒவ்வொன்றாக விளங்கிற்று. விளங்குவதற்கு முன்னே அவை உள்ளே இருந்தமையால்தானே விளங்கின?

இத்திருப்பணிக்குப் பொருள் உதவிய அன்பர்களுள் இருவர், குடமுழுக்கு நிறைவேறியபின் எஞ்சும் பொருளைக்கொண்டு சிறுவர்க்குத் திருமுறை பயிற்றலாமா என்று என்னை வினவினர். ஒருவர், பொருள் அறியாச் சிறுவர் ஓதுவதால் யாது பயன் என்றார். மற்றவர், ஓதினாற் போதும், பொருள் எதற்கு என்றார். பிள்ளையவர்கள் வரலாறே இருவர்க்கும் விடையாகும். இளமையில் நாவிற் படியவிடுக. பொருள் முதிரும் வரை காத்திருந்து வாயை மூடிவைத்தல் வேண்டா. ஆனால், படிவது பிழையின்றிப் படியவேண்டும். அதற்குப் பண்ணும் சொல்லும் அறிந்த ஆசிரியர் வேண்டும். வாரம் ஒரு நாளேனும் ஓதிய பாட்டின் பொருளைச் சிறுவர் வாயாலேயே சொல்லச் செய்தல் வேண்டும். அவ்வாசிரியர் கடனில் மூழ்காது வாழும் அளவுக்கு மாதந்தோறும் பொருள் வரும் வழியும் வேண்டும்.

கல்லில் திருப்பணி முடிந்தது. அடுத்த பன்னீராண்டில் விமானம் மீண்டும் வண்ணம் பெறும் நாளில், இன்று பொருள் அறியாது ஓதத் தொடங்கும் சிறுவர், பொருள் அறிந்து ஓதும் இளைஞராய் இத்திருமுன்னிலையில் நிற்றல் வேண்டும். அத்திருப்பணிக்கும் அன்பர்கள் உள்ளத்தில் இறைவன் திருவருள் முன்னின்று துணைபுரிவதாக.

திருச்சிற்றம்பலம்.